ஆராதனைப் பாடல்களை டெப்பில் ஒழுங்குபடுத்துவது எப்படி? கொழும்புத் தமிழ்ச் சபைகளின் இசைக் குழுக்களுக்கான கேள்வி பதில்

வெள்ளவத்தை முதல் வத்தளை வரை எந்தத் தமிழ்ச் சபையின் இசைக் குழுவோடு கதைத்தாலும் இப்போது ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. பாட்டுப் புத்தகம், போட்டோகொப்பிக் கட்டு, சனிக்கிழமை இரவு வட்ஸ்அப்பில் வந்து விழும் மங்கலான படம், இவற்றை விட்டு டெப்புக்கு, அதாவது டெப்லெட் கணினிக்கு, மாற நினைப்பவர்களுக்காக இது. திருப்பலிப் பாடகர் குழுவாக இருக்கட்டும், மெதடிஸ்த அல்லது அங்கிலிக்கன் கொயராக இருக்கட்டும், பெந்தெகொஸ்தே சபையின் வேர்ஷிப் டீமாக இருக்கட்டும், பாட்டை ஒழுங்காக வைத்திருக்கும் வேலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

எங்கள் சபை டெப் வாங்கக் காசு ஒதுக்கிவிட்டது. எதை வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் பாட்டுகளைச் சேர்த்து ஒழுங்காக்குங்கள்.

டெப் வந்த பிறகும் குழப்பம் தீராத குழுக்கள் நிறைய. கீபோர்ட் வாசிப்பவரின் திரையில் பாட்டு ஜி சுருதியில் இருக்கும். கிட்டார் தம்பியின் திரையில் அதே பாட்டு ஏ-யில் இருக்கும். பாடுகிற அக்காவிடம் மூன்றாம் சரணமே இல்லாத ஒரு பிரதி இருக்கும். முன்பு தாளில் இருந்த சிக்கல் இப்போது வெளிச்சமான திரையில் இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். ஒரு பாட்டுக்கு ஒரே பிரதி, அந்தப் பிரதிக்குப் பொறுப்பாக ஒரே ஆள் என்ற ஏற்பாடு இல்லாமல் எந்த விலையுயர்ந்த கருவியும் உதவாது. அந்த ஏற்பாட்டைச் சபையின் பழைய மடிக்கணினியிலேயே செய்து முடிக்கலாம். டெப்பின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்தப் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது?

நன்றாக வாசிப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்றில்லை. எழுத்துப் பிழை கண்ணில் குத்துகிற ஒருவருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு சபையிலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவராக இருப்பார். மற்றவர்கள் எல்லோரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். திருத்துகிற அனுமதி மட்டும் அவருக்கும் குழுத் தலைவருக்கும் இருந்தால் போதும்.

பாட்டுகளைப் பிடிஎஃப் ஆக வைப்பதா, தட்டச்சு செய்து வைப்பதா?

இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு தேவைகளுக்கு.

நான்கு குரல் ஸ்வரக்குறிப்பு, பழைய ஞானப்பாட்டு இசைப் புத்தகத்தின் பக்கம், ஓகன் வாசிப்பவரின் தாள் போன்றவற்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வையுங்கள். அவற்றைத் தட்டச்சு செய்ய யாருக்கும் நேரம் இல்லை, தேவையும் இல்லை. ஸ்கேன் செய்யும்போது மேசை விளக்கின் நிழல் விழாமல் பாருங்கள். தாளின் வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டால் அதே திரையில் எழுத்து கணிசமாகப் பெரிதாகும்.

வரிகளும் கோர்ட்ஸும் (வரிக்கு மேலே எழுதும் ஜி, சி போன்ற துணை இசைக் குறிகள்) மட்டும் உள்ள பாட்டுகளுக்கு கோர்ட்ப்ரோ என்ற எளிய எழுத்து முறை இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அநேகமாக எல்லாப் பாட்டுச் செயலிகளும் அதைப் புரிந்துகொள்ளும். கோர்டை வரிக்கு மேலே இடைவெளி விட்டு விட்டு எழுதாமல், அது விழும் எழுத்துக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் எழுதுவதுதான் முறை:

[ஜி]காலை தோறும் [சி]உமது கிருபை [டி]புதிதாய் மல[ஜி]ரும்

உண்மையான பைலில் கோர்டின் பெயரை வழக்கமான ஆங்கில எழுத்தில் இடுங்கள். செயலி அதை எடுத்து வரிக்கு மேலே சரியான இடத்தில் காட்டும். சுருதியை மாற்றச் சொன்னால் எல்லாக் கோர்டையும் ஒரே தட்டில் மாற்றும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகளைத் தானே மடித்துக்கொள்ளும். பிடிஎஃப் இவற்றில் எதையும் செய்யாது, அது படம் போலத்தான்.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வரும் எழுத்துருவைப் போட்டு, இடைவெளி தட்டித் தட்டிக் கோர்டைச் சரியான இடத்துக்கு நகர்த்தலாம். தமிழில் ‘ர’ ஒரு அகலம், ‘ணௌ’ இன்னொரு அகலம். கணினியில் ஒழுங்காக நின்ற கோர்ட் டெப்பில் திறந்தவுடன் இரண்டு சொல் தள்ளிப் போய் நிற்கும். ‘வேர்ட்’டில் அடித்த பழைய பாட்டுத் தாள்கள் எல்லாவற்றுக்கும் இந்த வியாதி உண்டு.

கோர்ட்ப்ரோவில் தமிழ்ப் பாட்டை அடித்தால் நடுவில் புள்ளி வட்டம் வருகிறதே?

கோர்டை எழுத்தின் உடலுக்குள் செருகிவிட்டீர்கள். ‘தே’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்குள் அது ‘த’வும் ஏகாரக் கொம்பும் சேர்ந்த இரண்டு. கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் உள்ளே ‘த’வுக்குப் பின்னால்தான் நிற்கிறது. அவை இரண்டுக்கும் நடுவே அடைப்பைப் போட்டால் கொம்பு அநாதையாகி, புள்ளி வட்டத்தின் மேல் போய் உட்காரும். ‘[சி]தேவனே’ என்று முழு எழுத்துக்கு முன்னால் போடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதிதான்: ‘துதித்[டி]திடுவோம்’ சரி, ‘த’வுக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே வெட்டினால் பிழை.

சந்தேகம் வந்தால் கோர்ட் அடைப்பை அழித்துவிட்டு, சொல்லை முழுமையாக அடித்து, பிறகு அம்புக்குறி விசையால் நகர்ந்து போய்ச் செருகுங்கள். விரலால் திரையைத் தொட்டு இடம் பிடிப்பதுதான் இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் காரணம்.

எங்களிடம் பழைய பாட்டுகள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. டெப்பில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.

இலங்கையில் இந்தக் கேள்வி வராத சபை இல்லை. கொயர் புத்தகம், கரோல் தாள், ஆண்டு விழா மலர் எல்லாவற்றையும் பல ஆண்டுகள் பாமினியில்தான் அடித்தோம். பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் அப்படியே தெரியும்.

வழி ஒன்றுதான்: எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் யூனிகோடுக்கு மாற்றுவது. இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. பாட்டை ஒட்டி, மூலம் பாமினி என்று தெரிவு செய்தால் நொடியில் மாற்றித் தரும்.

ஆனால் கோர்ட்ஸோடு சேர்த்து மாற்றாதீர்கள். பாமினியில் பெரிய ஜி ‘பு’வுக்கு உரியது, எஃப் ‘கு’வுக்கு, டி ‘னு’வுக்கு. ஆகவே மாற்றியில் மொத்தமாக ஒட்டினால் மேலே இருந்த கோர்ட் வரிசை ‘பு னு கு’ என்று ஏதோ மந்திரம் போல வரும். வரிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள், கோர்ட்ஸைப் பிறகு கையால் இடுங்கள். எப்படியும் அவற்றைச் சதுர அடைப்புக்குள் புதிதாகப் போடத்தானே வேண்டும். சரண எண்களையும் வடமொழி எழுத்துகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், பிழை ஒளிந்திருப்பது அங்கேதான்.

கொயர் மாஸ்டர் அங்கிள் ‘நாலு கட்டை’ என்கிறார். கிட்டார் தம்பிக்கு அது புரியவில்லை. பைலில் எதை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். கீர்த்தனை மரபில் வந்தவர்களுக்குச் சுருதியைச் சொல்லக் கட்டைதான் வாயில் வரும், அதை மாற்றச் சொல்வது மரியாதையும் இல்லை, தேவையும் இல்லை. 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. யாராவது ‘மூன்றரை’ என்று சொன்னால் அவர் எஃப்-ஐத்தான் கேட்கிறாரா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கோர்ட்ப்ரோ பைலின் தலையில் சுருதிக்கு ஒரு வரி இருக்கிறது. அதில் சபை வழக்கமாகப் பாடும் சுருதியை இடுங்கள், ஒலிநாடாவில் யாரோ பாடிய சுருதியை அல்ல. குறிப்பு வரியில் கட்டை, ராகம், தாளம் மூன்றையும் போடலாம். கீர்த்தனைப் புத்தகங்களில் ராகமும் தாளமும் பாட்டுக்கு மேலேயே இருக்கும். பைலுக்கு மாற்றும்போது இளைஞர்கள் முதலில் வெட்டி எறிவது அந்த வரியைத்தான், தயவுசெய்து அதை வெட்டாமல் வையுங்கள்.

சுருதி மாற்றும் வசதியின் உண்மையான பயன் தெரிவது பாடுபவர் மாறும் நாளில். அண்ணா இரண்டு கட்டையில் பாடும் பாட்டை அக்கா ஐந்தில் பாடுவார். செயலியில் ஒருமுறை மாற்றினால் கோர்ட்ஸ் தயார். இரண்டரைக் கட்டை, அதாவது ஈ ஃப்ளாட் வந்தால் கிட்டாருக்கு முதல் கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு டி-யில் வாசிக்கலாம், மூன்றாவதில் போட்டுச் சி-யிலும் வாசிக்கலாம். கேப்போவைச் சொன்னால் செயலி இந்தக் கணக்கைத் தானே போட்டுக் காட்டும். டிரம்பெட் வாசிப்பவருக்குப் பாட்டு சி-யில் என்றால் அவர் திரையில் டி இருக்க வேண்டும், ஆல்டோ சக்ஸஃபோனுக்கு ஏ. ஒரே பைல், ஆளுக்கொரு பார்வை.

பைல்களுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

பாட்டின் முதல் வரியால். நம் பாட்டுகளை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். ஆங்கிலப் பாட்டுகளைப் போல் தனித் தலைப்பு வைத்தால் தேடும்போது யாருக்கும் ஞாபகம் வராது. பல்லவியின் முதல் வரியும் சரணத்தின் முதல் வரியும் வேறாக இருந்து, சபை இரண்டாலும் அழைத்தால் இரண்டாவதைத் தேடுசொல்லாகச் சேருங்கள். பாட்டுப் புத்தக எண்ணையும் இடுங்கள், புத்தகத்தின் பெயரோடு. வெறும் ‘142’ என்று எழுதினால் கீர்த்தனையா ஞானப்பாட்டா என்று ஞாயிறு காலையில் சண்டை வரும்.

‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘இதுதான் இறுதி’ என்ற பெயர்களைத் தடைசெய்யுங்கள். திருத்திய திகதி போதும்.

வகைப்படுத்த எத்தனை பிரிவுகள்?

குறைவாக. திருவழிபாட்டுக் காலம் ஒன்று: திருவருகைக் காலம், நத்தார், தவக்காலம், உயிர்ப்பு, பெந்தெகொஸ்தே. சந்தர்ப்பம் ஒன்று: திருவிருந்து அல்லது நற்கருணை, ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை, அறுவடைத் திருவிழா, வருட முடிவு இரவு ஆராதனை. மொழி ஒன்று. இதற்கு மேல் ‘துள்ளல்’, ‘அமைதி’, ‘ஜெபத்துக்கு முன்’ என்று அடுக்கிக்கொண்டே போனால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

அடக்க ஆராதனைப் பிரிவை மட்டும் முதல் வாரத்திலேயே செய்து முடியுங்கள். அதற்கு யாரும் முன்னறிவித்தல் தருவதில்லை.

எந்தச் செயலி?

ஐபேட் வைத்திருந்து பெரும்பாலும் ஸ்வரக்குறிப்புப் பிடிஎஃப் வாசிப்பவர்களுக்கு ஃபோர்ஸ்கோர். பக்கத்தின் கீழ்ப் பாதியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேல் பாதியில் அடுத்த பக்கத்தைக் காட்டும் வசதி அதில் உண்டு, ஓகன் வாசிப்பவர்கள் ஒருமுறை பழகினால் விடமாட்டார்கள். அன்ட்ராய்ட் டெப் என்றால் மொபைல்ஷீட்ஸ். அது பிடிஎஃப், கோர்ட்ப்ரோ இரண்டையும் எடுக்கும், விண்டோஸிலும் ஓடும், பல டெப்புகளை ஒன்றோடொன்று இணைத்து ஒருவர் பக்கம் திருப்பினால் எல்லோருக்கும் திரும்பும்படி செய்யலாம். கோர்ட்ஸ் தாள் மட்டுமே உங்கள் தேவை என்றால் ஒன்சோங், அல்லது பல கருவிகளிலும் ஓடும் சோங்புக் போதும்.

பிளானிங் சென்டர் சர்வீசஸ் வேறு வகை. யார் இந்த ஞாயிறு வாசிக்கிறார், யார் வரமாட்டார், எந்தப் பாட்டு எந்த ஒழுங்கில் என்பதையும் சேர்த்து நடத்தும். குழுவின் அளவைப் பொறுத்து டொலரில் மாதக் கட்டணம். ஒரே சபையில் இரண்டு மூன்று குழுக்கள் சுற்றுமுறையில் வாசித்தால் அதை யோசிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்கு வட்ஸ்அப் குழுவும் ஒரு கூகுள் ஷீட்டும் தாராளம் என்பது என் கருத்து.

எதுவானாலும் காசு கட்டுமுன் நீளமான சொற்கள் உள்ள ஒரு தமிழ்ப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். சில செயலிகள் ஆங்கிலத்துக்கு அழகாக வரி மடித்து, தமிழ்ச் சொல்லை நடுவில் ஒடிக்கும். டொலரில் கட்டுவதென்றால் உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

சரி, இப்போது டெப். எந்த அளவு?

ஏ4 தாளின் மூலைவிட்டம் ஏறத்தாழ 14.3 அங்குலம். பெரிய ஐபேட் புரோவின் 12.9, 13 அங்குலத் திரைகள் அதற்குக் கிட்டே வரும், ஓகனுக்கும் பியானோவுக்கும் அந்த அளவு நல்லது. கோர்ட்ஸ் தாளுக்கு 10, 11 அங்குலம் போதும். 8 அங்குலத்தில் நின்றுகொண்டு வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் பாவித்த டெப்புகள் கிடைக்கும். விலை டொலரோடு ஆடுவதால் இங்கே எழுதிப் பயனில்லை. பாவித்த ஐபேட் என்றால் பற்றரியை மட்டும் பார்க்காதீர்கள், நீங்கள் தெரிவு செய்த செயலி அந்த மாதிரியில் இறங்குகிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய ஐபேட்களில் பலவற்றுக்கு ஆப்பிள் புதிய மென்பொருள் கொடுப்பதை நிறுத்திவிட்டது. சிம் போடும் மாதிரி உங்களுக்குத் தேவையில்லை. அப்படியும் வாங்கினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கம் திருப்ப பெடல் வேண்டுமா?

கீபோர்டுக்கும் ஓகனுக்கும் வேண்டும். கிட்டாருக்குப் பாட்டு ஒரு பக்கத்தில் அடங்கினால் தேவையில்லை. எழுத்தைச் சற்றுக் குறைத்து ஒரே பக்கத்தில் அடக்குவது பல நேரம் பெடலை விட மலிவான தீர்வு.

ஏர்டேர்ன், பேஜ்ஃபிளிப் போன்ற பெடல்கள் ப்ளூடூத்தில் இணையும். டெப்பைப் பொறுத்தவரை அது இரண்டு விசை மட்டும் உள்ள ஒரு விசைப்பலகை, அதனால்தான் பெடல் இணைந்திருக்கும்போது திரையில் தட்டச்சுப் பலகை எழும்பாமல் அடம்பிடிக்கும். பாட்டுத் தேட வேண்டுமென்றால் பெடலை அணைத்துவிட்டுத் தேடுங்கள். கீபோர்ட் வாசிப்பவரின் வலது காலுக்கு ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடல் இருப்பதால் இதை இடப்பக்கம் வைத்துப் பழகட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறும் சபைகளில் வெறுங்காலுக்கு நோகாத, சத்தம் போடாத அகலமான பெடலாகப் பாருங்கள். ஜெபத்தின் நடுவே ‘டக்’ என்ற சத்தம் பின்வரிசை வரை கேட்கும்.

ஆராதனை நடுவில் அழைப்பு வந்தது, திரை அணைந்தது, செயலி மூடிக்கொண்டது. எப்படித் தடுப்பது?

மேடையேறுமுன் விமானப் பயன்முறையைப் போட்டு, பெடலுக்காக ப்ளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள். திரை தானாக அணைவதை நிறுத்துங்கள். திரை சுழல்வதைப் பூட்டுங்கள். ஐபேடில் கைடட் அக்சஸ், அன்ட்ராய்டில் செயலியைத் திரையில் பின் செய்யும் வசதி இரண்டும் விரல் தவறிப் பட்டாலும் பாட்டை விட்டு வெளியேற விடாது. சிறு பிள்ளைகள் மேடைக்கு ஓடிவரும் சபைகளில் இது அவசியம்.

வெளியில் நடக்கும் குருத்தோலை ஞாயிறு பவனிக்கு டெப்பை நம்ப வேண்டாம். ஐபேட் பாவிக்க ஆப்பிள் சொல்லும் உச்சச் சுற்றுப்புற வெப்பநிலை 35 பாகை செல்சியஸ், கொழும்பு வெயிலில் கறுப்பு உறைக்குள் இருக்கும் டெப் சீக்கிரம் சூடாகிவிடும். அளவுக்கு மீறிச் சூடானால் எச்சரிக்கை காட்டிவிட்டுப் பாவிக்க விடாது. அன்றைக்குத் தாள்தான். மழைக்காலத்தில் திரீவீலரில் போகிறவர்கள் பையைக் கால்மாட்டில் வைக்காமல் மடியில் வையுங்கள், தண்ணீர் பக்கவாட்டில்தான் அடிக்கும்.

சபையில் வைஃபை இல்லை. முடியுமா?

முடியும். இருந்தாலும் நம்பக்கூடாது. பாட்டுகள் டெப்புக்குள் இறங்கியிருக்க வேண்டும். பொதுக் கோப்புறையை கூகுள் டிரைவில் வையுங்கள், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி எழுத்துப் பாட்டுகளுக்குப் பல தலைமுறைக்குப் போதும். வியாழக்கிழமைக்குள் பட்டியல் முடிவாகட்டும், அவரவர் வீட்டில் இறக்கிக்கொண்டு பயிற்சிக்கு வரட்டும். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், படமாகப் போனால் அது சுருக்கி அனுப்பும், எழுத்து கரையும்.

மின்வெட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரன்ட் போன காலத்தில் மேடையில் கீபோர்டும் ஸ்பீக்கரும் படுத்துவிட்டன, பாட்டு வரிகள் மட்டும் டெப்பில் வெளிச்சமாக நின்றன. தாளைத் தூக்கிப் பறக்கவிடும் பெடஸ்டல் ஃபேனுக்கும் டெப் பதில் சொல்லும்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பாடுகிறோம். எப்படி வைப்பது?

கொழும்பில் கூட்டு ஆராதனை என்றால் ஒரே மெட்டில் ஒரு சரணம் தமிழ், ஒன்று சிங்களம், ஒன்று ஆங்கிலம் என்றுதான் போகிறது. மூன்று தனிப் பைல் வைத்தால் ஒன்றில் சுருதி மாற்றி மற்றதில் மறந்துபோவீர்கள். ஒரே பைலில், பாடும் ஒழுங்கிலேயே மூன்றையும் வையுங்கள்.

எழுத்து விடயத்தில் ஒரு சங்கடம். ஆங்கில மொழிமூலத்தில் படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வேகமாக வாசிக்க வராது. தமிழ் வரியை ஆங்கில எழுத்தில் கேட்பார்கள். கொடுங்கள், பாட வருகிறவர்களை எழுத்தால் நிறுத்தக்கூடாது. ஆனால் மூலப் பிரதி தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும், ஆங்கில எழுத்துப் பிரதி அதிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். மாறி வைத்த இடங்களில் ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றும் ஒன்றாகி, சில ஆண்டுகளில் சபையே பிழையாகப் பாடத் தொடங்கிவிடுகிறது. சிங்கள வரியைத் தமிழ் எழுத்தில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும்: சிங்களத்தின் ක-வும் ග-வும் தமிழில் ஒரே எழுத்து ‘க’ என்பதால், சிங்களம் தெரிந்த ஒருவர் பயிற்சியில் உச்சரிப்பைச் சொல்லித் தரட்டும்.

எங்கள் மூத்த அங்கத்தவர்கள் புத்தகத்தை விடமாட்டார்கள்.

விடச் சொல்லாதீர்கள். அதே பைலிலிருந்து பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். எல்லோர் கையிலும் ஒரே பிரதி இருப்பதுதான் முக்கியம், அது கண்ணாடியிலா தாளிலா என்பது இரண்டாம் விடயம். கண் மங்கிய ஓர் அன்ட்டியிடம் டெப்பில் எழுத்தை இரண்டு மடங்காக்கிக் காட்டிப் பாருங்கள், பிறகு அவரே கேட்பார்.

பாட்டுப் புத்தகத்தை முழுதாக ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பலாமா?

பழைய பாட்டா, புதியதா என்று பார்க்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை எழுதியவரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் காலமானார், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1900இல் காலமானார். அவர்களின் பாடல் வரிகளுக்கு இன்று தடையில்லை. ஆனால் அதே வரிகளுக்கு அண்மையில் ஒருவர் எழுதிய நான்கு குரல் இசையமைப்பு அவருடையது.

இன்று வாழும் பாடகர்களின் பாட்டுகளுக்கு அனுமதி கேளுங்கள். நம் தமிழ்க் கிறிஸ்தவப் பாடலாசிரியர்களில் பலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் வரும், சபையில் பாடுவதற்கென்றால் மகிழ்ச்சியோடு சம்மதிப்பவர்களே அதிகம். பதிலைப் பைலோடு சேர்த்து வையுங்கள். விற்பனையில் உள்ள புத்தகத்தை முழுதாக ஸ்கேன் செய்து வட்ஸ்அப்பில் சுற்றவிடுவது, பத்துக் கட்டளைகளையும் சொல்லும் சபைக்கு அழகில்லை.

சபையார் பார்க்கும் ப்ரொஜெக்டரையும் இதே டெப்பில் ஓட்டலாமா?

வேண்டாம். வாசிப்பவருக்குக் கோர்ட்ஸும் முழுப் பக்கமும் தேவை, சபையாருக்கு இரண்டு மூன்று வரி பெரிதாகத் தேவை. அதற்கு ஓப்பன்எல்பி, ஓப்பன்சோங் போன்ற இலவச மென்பொருள்கள் கணினியில் ஓடும். வரிகளை மட்டும் உங்கள் மூலப் பிரதியிலிருந்து எடுங்கள். திரையில் ‘உந்தன்’, டெப்பில் ‘உமது’ என்றிருந்தால் முதல் வரிசை ஒன்றும் பின்வரிசை ஒன்றும் பாடும்.

பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனைக்கு டெப் தாங்குமா?

நல்ல பற்றரி தாங்கும், பழையது தாங்காது. வெளிச்சத்தை நடுவில் வைத்து, முதல் நாள் பயிற்சியில் மூன்று மணி நேரம் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். ஒரு பவர் பேங்கைத் தாங்கியின் காலோடு கட்டிவையுங்கள்.

பட்டியலை ஒரே நீளமாகப் போடாமல் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு சிறு பட்டியலாகப் பிரியுங்கள். ஒரு பிரசங்கம் நீண்டால் போதகர் அடுத்த வார்த்தையின் இரண்டாம் பாட்டை விடச் சொல்லிக் கண்காட்டுவார். சிறு பட்டியலாக இருந்தால் அந்த வார்த்தைக்குள் தாண்டினால் போதும், முழுப் பட்டியலிலும் தேடத் தேவையில்லை.

சபையில் டெப் வாங்க வழியில்லை. எங்களிடம் இருப்பது போன்கள் மட்டும்.

அப்படியும் தொடங்கலாம். பாடுபவர்களுக்குப் போன் போதும், அவர்களுக்கு வரி மட்டும்தானே வேண்டும். கிட்டாருக்குப் போனை மைக் தாங்கியில் பூட்டும் கிளிப் ஒன்று வாங்கினால் சமாளிக்கலாம். கீபோர்டுக்கு அந்த வாரப் பாட்டுகளை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை கொண்ட கோப்பில் ஒழுங்காகச் செருகிக் கொடுங்கள். முதலில் நீங்கள் அதிகம் பாடும் ஐம்பது பாட்டுகளைக் கோர்ட்ப்ரோவில் அடித்து முடியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சபை அங்கத்தவர் ஒருவர் பழைய ஐபேட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கும் நாளில் அந்தப் பைல்களை அதில் இறக்கிவிட்டால் அன்றைக்கே வாசிக்கலாம்.